கரண்ட் கொடுப்பதற்கு முன்

மகாவலி கடலை நெருங்குகையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கம் போய்க் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. தெற்கே இறங்கும் மற்றக் கிளை வெருகலாறு என்று பெயர் பெற்று, சித்திரவேலாயுத சுவாமி கோயிலடியால் ஓடிக் கடலில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான ஆற்றின் வால்பகுதி இது. மலைநாட்டில் பெய்த மழைக்கும் இங்கேதான் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதிர்ப்பக்கமிருந்து ஏறி வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் நின்றது.

வெள்ளம் வடிந்த மறுநாள் முற்றத்து வெயிலில் என்னென்ன காயும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: மெத்தை, நெல், பிள்ளைகளின் கொப்பிகள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். இப்போது அந்த வரிசையில் ஒரு கணினிப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. கலியாண வீட்டு வீடியோ, சாமத்திய வீட்டுப் படங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பேரப்பிள்ளையின் முகம் எல்லாம் அதற்குள். 2006இல் போரால் ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்குமாக அலைந்த குடும்பங்களிடம் காகிதத்தில் எஞ்சியது கொஞ்சம். அதை யாராவது ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் காயவைப்பது அதற்குச் செய்யும் மிக மோசமான உதவி. இரண்டு நாள் காயவைத்துவிட்டுப் பிளக்கில் செருகுவது அதைவிட மோசம். ஹார்ட் டிஸ்க்குகளை முதல் கோளாறு கொல்வது குறைவு என்பது என் எண்ணம். கோளாறு வந்த பிறகு, "ஒருக்காப் போட்டுப் பார்ப்பம்" என்று கரண்ட் கொடுக்கிறோமே, அங்கேதான் அநேகமானவை சாகின்றன. ஏன் என்று விளங்க, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் வட்டத் தட்டுகள் இருக்கின்றன. மேசைக்கணினி டிஸ்க்குகளில் அவை பெரும்பாலும் அலுமினியம். மடிக்கணினியில் வரும் சிறிய டிஸ்க்குகளில் பெரும்பாலும் உண்மையான கண்ணாடியேதான். மேலே கோபால்ற் கலந்த மெல்லிய காந்தப்படலம், அதற்கு மேல் கார்பன் பூச்சு. தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல, ஒரு கையின் நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு தலை, காந்தப்படலத்தின் துளித்துளிப் பகுதிகள் எந்தப் பக்கம் காந்தமேறியிருக்கின்றன என்று வாசிக்கிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து வைத்திருந்தது 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே அது போதாமற் போகலாம்.

வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. தட்டோடு சேர்ந்து சுழலும் காற்றின் மேல் அது மிதக்கிறது. இடைவெளி சில நானோமீற்றர். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70,000 நானோமீற்றர். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றின் விளிம்பு தலைக்குக் கீழே மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. சிகரெட் புகையின் துணிக்கைகூட அந்த இடைவெளிக்குள் புகமுடியாத பெரும் பாறை. ஆற்று வண்டலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டிஸ்க் பெட்டி முழுதாக அடைபட்டது என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண டிஸ்க்குகளில் அப்படி இல்லை. வெளிக்காற்றழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாக இருக்க, சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள், உட்பக்கம் வடிகட்டி. "இந்தத் துளையை மூடாதே" என்று ஆங்கிலத்தில் அச்சடித்தும் இருக்கும். தூசியை அந்த வடிகட்டி நிறுத்தும், வெள்ளத்தை நிறுத்தாது. வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்குக்குள் தண்ணீர் போவது இந்த வழியால்தான். பெருங்கொள்ளளவுள்ள சேர்வர் டிஸ்க்குகள் சிலவற்றில் ஹீலியம் நிரப்பி முற்றாக அடைத்துவிடுகிறார்கள். அவை நம் வீடுகளுக்கு வருவது அபூர்வம்.

ஒன்றை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்: தண்ணீர் காந்தத்தை அழிப்பதில்லை. தட்டில் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. கெடுதி செய்வது தண்ணீர் போன பிறகு எஞ்சுவது. வண்டலும் உப்பும் தட்டின்மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிறகு சுரண்டாமல் எடுக்க முடியாது. கடல்நீராக இருந்தால் உப்பு உலோகத்தை அரிக்கவும் தொடங்கும். தரவு மீட்பு ஆய்வுகூடங்கள் ஈரமான டிஸ்க்கைக் காயவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, அப்படியே கொண்டுவரச் சொல்கிறார்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது, தலைமயிர் உலர்த்தும் கருவியைப் பிடிப்பது, மூடியைக் கழற்றித் துடைப்பது எதுவும் கூடாது. (அரிசி வைத்தியம் கைத்தொலைபேசிக்கே பெரிதாக உதவுவதில்லை, அதை ஏனோ உலகம் முழுவதும் நம்புகிறது.)

மெமரி கார்ட், பென் டிரைவ் இரண்டும் வேறு சாதி. அவற்றில் சுழல்வது எதுவும் இல்லை, தகவல் சிப்புக்குள் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் சேற்றைக் கழுவி, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்து, நன்றாக உலரவைத்த பிறகு செருகினால் பல வேளைகளில் வேலை செய்யும். நன்றாக உலர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஈரமும் அடியும் பட்ட டிஸ்க்கிலிருந்து எவ்வளவு மீட்கலாம்? இதற்கு மிகத் துணிந்த விடை வானத்திலிருந்து விழுந்தது. 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம், கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு, பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. அதில் செனன் வாயு எப்படிப் பாய்கிறது என்று ஆராய்ந்த ஒரு பரிசோதனையின் தரவுகள் 400 மெகாபைட் சீகேற் டிஸ்க் ஒன்றில் இருந்தன. ஆறு மாதங்கள் கழித்து டெக்சாசில் வறண்ட ஏரிப்படுகையொன்றில் அது கிடைத்தது. பார்த்தவர்களுக்கு அது டிஸ்க் என்றே தெரியாத அளவுக்குக் கருகி வெடித்த உலோகக் கட்டி. குரோல் ஒன்ராக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஜோன் எட்வர்ட்ஸ் தட்டுகளை எடுத்து, இரசாயனத்தால் கழுவி, புதிதாகக் கட்டிய இன்னொரு டிஸ்க்கில் பொருத்தினார். 99 சதவீதத் தரவு திரும்பி வந்தது. ஆய்வு முடிவு 2008இல் பிரசுரமானது.

அதே இடிபாடுகளில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. எனவே இதில் அதிர்ஷ்டமும் உண்டு. அந்த டிஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது. பழைய டாஸ் முறையில் எழுதியதால் தரவு அங்கங்கே சிதறாமல் தொடர்ச்சியாக இருந்தது. இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த ஆறு மாதமும் அதற்கு யாரும் கரண்ட் கொடுக்கவில்லை. விண்ணிலிருந்து விழுந்த டிஸ்க் பிழைத்தது. மேசையிலிருந்து விழுந்து "டிக், டிக்" என்று தட்டத் தொடங்கிய டிஸ்க்கைப் பத்துத் தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உடைந்த தலை ஒவ்வொரு தடவையும் தட்டின் காந்தப்படலத்தை உழுதுவிடுகிறது. படலம் தூளாகிப் போன பிறகு எந்த ஆய்வுகூடமும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே நனையாத டிஸ்க்குக்கு முதல் பரிசோதனை காதால் செய்வது, அதுவும் ஒரே ஒரு தடவை. டிக்கென்று தட்டிவிட்டு நின்றால் தலையில் கோளாறு. சுழல முயன்று முனகினால், அல்லது மெல்லிய பீப் ஒலி கேட்டால், தலை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் வீட்டில் மருந்தில்லை. பிளக்கைக் கழற்றிவிட வேண்டியதுதான். சத்தமே இல்லையென்றால், அல்லது வழமைபோல் சுழன்றும் கணினிக்குத் தெரியவில்லையென்றால், நம்பிக்கைக்கு இடமுண்டு. வீட்டில் உயிர்ப்பிக்கக் கூடியவை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

சத்தமே இல்லாத டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். கரண்ட் திடீரென்று போவதால் டிஸ்க் கெடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் இது நிறையக் கேட்டது. உண்மையில், கரண்ட் போவதற்கு டிஸ்க் ஆயத்தமாகவே செய்யப்பட்டிருக்கிறது. கரண்ட் நின்றாலும் தட்டு உடனே நிற்பதில்லை. அந்தச் சுழற்சியில் மோட்டாரே மின் பிறப்பாக்கியாக மாறுகிறது. அதிலிருந்து கிடைக்கும் துளி மின்சாரம் தலையைத் தட்டிலிருந்து விலக்கி, அதற்குரிய ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோய்விடும். இந்தச் சின்ன ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதை வடிவமைத்தவர்மேல் மரியாதை வருகிறது. ஆபத்து கரண்ட் போவதில் குறைவு, அது திரும்பி வரும்போது கூடக் குறையப் பாய்வதில் அதிகம்.

அதைவிட அதிகமாக நடக்கும் விபத்து ஒன்று உண்டு: பிழையான அடப்டர். வெளியே வைக்கும் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ற் வேண்டும். மடிக்கணினி சார்ஜர் தருவது 19 வோல்ற். இரண்டின் முனையும் சில வேளைகளில் ஒரே அளவாக இருக்கும். அவசரத்தில் மாறிச் செருகினால் டிஸ்க் அந்தக் கணமே ஊமையாகிவிடும். வீட்டுக்காரர் செத்துவிட்டது என்று முடிவு செய்வார். பெரும்பாலும் சாகவில்லை. சுற்றுப்பலகையில் மின்சாரம் நுழையும் இடத்தில் 12 வோல்ற்றுக்கு ஒன்றும் 5 வோல்ற்றுக்கு ஒன்றுமாகச் சிறு பாதுகாப்பு டயோட்டுகள் இருக்கின்றன. அளவு மீறிய வோல்ற் வந்தால் அவை தம்மையே குறுக்குச்சுற்றாக்கிக்கொண்டு, மற்றதெல்லாம் எரியாமல் காக்கின்றன. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் அந்த டயோட் இரு பக்கமும் ஷோர்ட் காட்டும். ரேடியோ, ரீவி திருத்துகிற எவரும் சோல்டரிங் அயனால் ஒரு நிமிடத்தில் அதை எடுத்துவிடுவார். பிறகு சரியான அடப்டரைப் போட்டால் டிஸ்க் சுழலத் தொடங்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. இனி அதற்குக் காவலில்லை என்பதால் முதல் வேலையாக உள்ளிருப்பதைப் பிரதி எடுக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களுக்கென்று இன்னொரு நோய் இருக்கிறது. உப்புக்காற்று. சுற்றுப்பலகைக்கும் உள்ளிருக்கும் தலைகளுக்கும் இடையே தொடர்பு, பலகையின் அடிப்பக்கத்துச் சிறு உலோகப் பொட்டுகள் வழியாகப் போகிறது. அவை கறுத்துப் பாசி பிடித்தால் டிஸ்க் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. நட்சத்திரத் தலைத் திருப்புளியால் பலகையைக் கழற்றி, பாடசாலைப் பிள்ளையின் அழிறப்பரால் அந்தப் பொட்டுகளை மெதுவாகத் தேய்த்து, மதுசாரத்தால் துடைத்துப் பூட்டினால் போதும். இது மூடியைத் திறப்பதல்ல. பலகை வெளியே இருப்பது. அதற்கும் முன்னால் செய்யவேண்டியது கேபிளை மாற்றிப் பார்ப்பது. சிறிய யு.எஸ்.பி. டிஸ்க்குகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் அந்தக் கேபிளாலேயே எடுக்கின்றன; நைந்த கேபிளும் மலிவு ஹப்பும் போதாமற் போகும்போது டிஸ்க் சுழன்று சுழன்று நிற்கும். அதைச் சாவு என்று எண்ணிக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

வழமைபோல் சுழன்றும் தெரியாமற் போகும் டிஸ்க்குக்கு 2009ஆம் ஆண்டின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. சீகேற் நிறுவனத்தின் பராகுடா 7200.11 வகை டிஸ்க்குகள், எந்தச் சத்தமும் இல்லாமல், ஒரு நாள் காலையில் கணினியைப் போடும்போது காணாமற் போயின. தட்டும் தலையும் நலம், மோட்டாரும் சுழல்கிறது, ஆனால் டிஸ்க் இருப்பதாகவே கணினி சொல்லவில்லை. பிழை டிஸ்க்கின் சொந்த மென்பொருளில் இருந்தது. தன் நிகழ்வுக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டே போய், அதன் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது கரண்ட் போய் வந்தால், டிஸ்க் எழும்பும்போதே தடுக்கிவிடும். நிறுவனம் 2009 ஜனவரியில் குறையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே தடுக்கிப்போனதற்கு அந்தத் திருத்தத்தை ஏற்றவும் முடியாது.

வழியைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டிலிருந்து நோண்டியவர்கள். அந்த டிஸ்க்கின் பின்பக்கம், கேபிள் செருகும் இடத்துக்கு அருகே, தொழிற்சாலைப் பாவனைக்கென்று விட்டிருந்த நான்கு ஊசிகள் இருந்தன. அவற்றில் கணினியை இணைக்க ஒரு வோல்ற் மாற்றிக் கேபிள் தேவை. பழைய நோக்கியா கைத்தொலைபேசிகளின் தரவுக் கேபிளுக்குள் அதே வேலையைச் செய்யும் சிப் இருந்ததால், பலர் அந்தக் கேபிளை அறுத்து வயர்களை ஊசிகளில் மாட்டினார்கள். பலகையின் ஒரு திருகாணியைத் தளர்த்தி, தொடுபொட்டுகளுக்கு நடுவே ஒரு தடித்த காகிதத்துண்டைச் செருகுவார்கள். இப்போது உள்ளிருப்பது எதுவும் டிஸ்க்குக்குத் தெரியாது. அது தடுக்காமல் எழும்பும். கறுப்புத் திரையில் சில எழுத்துக் கட்டளைகள். காகிதத்தை இழுத்தெடுத்து, மோட்டாரைச் சுழலவிட்டு, குறிப்பேட்டை அழித்து, கடைசியில் ஒரு கட்டளை. கணினியை மறுபடி போட்டால் எல்லாக் கோப்பும் இருந்த இடத்தில் இருக்கும். ஆய்வுகூடத்துக்குக் கட்ட வேண்டியிருந்த பெருந்தொகையை ஒரு தொலைபேசிக் கேபிளோடு முடித்தார்கள்.

அதே கட்டளைகளை வேறு வகை டிஸ்க்கில் அடித்தவர்கள் நல்ல டிஸ்க்கையும் அழித்தார்கள். வீட்டு வைத்தியம் எதுவும் நோய் தெரிந்தால்தான் மருந்து. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் டிஸ்க்கை வைக்கும் வித்தையும் இப்படித்தான் பரவியது. பழைய டிஸ்க்குகளில் தலை தட்டின்மேலேயே ஓய்வெடுக்கும். சில வேளை ஒட்டிக்கொள்ளும். குளிரில் உலோகம் சுருங்கி விடுபட்டதுண்டு. இன்றைய டிஸ்க்குகளில் தலை தட்டுக்கு வெளியே சரிவொன்றில் ஏறி நிற்கிறது. வெருகலின் ஈரக்காற்றில் உறைந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் தட்டின்மேல் பனி படியும், அவ்வளவுதான் பயன். அதே வகை டிஸ்க் இன்னொன்றின் பலகையைக் கழற்றிப் பூட்டும் வித்தைக்கும் காலம் போய்விட்டது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் தலைகளுக்கும் உரிய அளவுகளைத் தொழிற்சாலையிலேயே அளந்து, பலகையிலுள்ள எட்டுக்கால் சிப் ஒன்றில் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சிப்பையும் கழற்றிப் புதுப்பலகைக்கு மாற்றாவிட்டால் வேலை நடக்காது.

எப்படியோ டிஸ்க் எழும்பிவிட்டது, ஆனால் ஆமைவேகம். கோப்பைத் திறந்தால் கணினி உறைகிறது. "இந்த டிஸ்க்கை ஃபோர்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். "பிழைகளைத் திருத்தவா?" என்றாலும் வேண்டாம். திருத்துகிறேன் என்று அது சாகப்போகிற டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கும். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எது முக்கியம் என்று தேடி இழுத்துப் போடுவதும் பிழை. தலையை அங்குமிங்கும் அலைக்கழித்துக் கடைசி மூச்சைச் செலவழிப்பது அது. செய்யவேண்டியது, முழு டிஸ்க்கையும் தொடக்கம் முதல் முடிவு வரை, சமமான அல்லது பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுப்பது.

இதற்கு அன்ரோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்சை ஒரு பென் டிரைவிலிருந்து ஓடவிட்டு அதைப் பாவிக்கலாம். வெள்ளம் வடிந்த வயலில் நிற்கிற கதிரை முதலில் அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டு, சாய்ந்து சேற்றில் கிடப்பதைப் பிறகு குனிந்து பொறுக்குவோமே, அதே ஒழுங்கில்தான் அது வேலை செய்கிறது. சாதாரணப் பிரதி, வாசிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது தாண்டிப் போய் நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் அள்ளிவிடும். பிறகு திரும்பி வந்து, கெட்ட இடங்களின் ஓரங்களைக் கொறித்துக் கொறித்து எடுக்கும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த நாட்டுக்கென்றே செய்ததுபோல! கோப்புப் பட்டியல் சிதைந்திருந்தால், எடுத்த பிரதியின்மேல் ஃபோட்டோரெக்கை ஓடவிடலாம். அது கோப்புப் பெயர்களைப் பொருட்படுத்தாமல், படம் ஒன்று எந்த அடையாளத்தோடு தொடங்கும் என்று தெரிந்துகொண்டு பிரதி முழுக்கத் தேடும். பெயரில்லாத ஆயிரக்கணக்கான படங்கள் வரும்; ஒரு மழைக்காலம் இருந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

டிஸ்க் முன்கூட்டியே எச்சரிக்காதா என்று கேட்கலாம். ஸ்மார்ட் என்ற தன்சோதனை ஏற்பாடு எல்லா டிஸ்க்கிலும் இருக்கிறது. எத்தனை இடங்களைக் கெட்டுப்போனதாக ஒதுக்கியது, எத்தனை இடங்கள் சந்தேகத்தில் இருக்கின்றன என்று எண்ணிக்கை வைத்திருக்கும். கூகிள் பொறியியலாளர்கள் தம் நிலையங்களிலிருந்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவு தந்தது. தட்டைத் தானே பரிசோதிக்கையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. சரி, நல்ல எச்சரிக்கைதான். ஆனால் பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போய்விட்டன. எனவே ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் பாதி நம்புங்கள். கணினிக்கு அருகே இருப்பதைத் தவிர, ஆறு ஏறமுடியாத ஒரு வீட்டில், மட்டக்களப்பிலோ கொழும்பிலோ ஒரு உறவினரிடம், இன்னொரு பிரதி இருக்கட்டும்.

வெள்ளமும் டிஸ்க்கும் பெரிய அளவில் சந்தித்ததும் உண்டு. 2011 ஒக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா பக்கம் பெருவெள்ளம் வந்து, வெஸ்டேர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் பாங் பா-இன் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. சுழியோடிகளை இறக்கி இயந்திரங்களை மேலே கொண்டுவந்து கழுவித்தான் உற்பத்தியை மறுபடி தொடங்கினார்கள். அந்த மாரியில் உலகெங்கும் டிஸ்க் விலை ஏறியது.

பிரதி எடுத்தாயிற்று, சரிபார்த்தாயிற்று, பழைய டிஸ்க் இனி வேண்டாம் என்றால் அப்போது மூடியைத் திறக்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். மூலையில் கையை அசைக்கும் கம்பிச்சுருளும், அதற்கு மேலும் கீழும் இரண்டு நியோடைமியம் காந்தங்களும் இருக்கும். சாதாரணக் காந்தம்போல் நினைத்து விரலை இடையில் விட்டுவிடாதீர்கள். தோலைப் பிடித்தால் விடாது. மடிக்கணினி டிஸ்க்காக இருந்தால் தட்டை வளைக்க வேண்டாம், கண்ணாடித் தூள் கண்ணில் தெறிக்கும். காந்தங்கள் இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டால், கிணற்றில் விழுந்த இரும்புத் திறப்பை எடுக்க உதவும்.